'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பாராட்டா, பாக்கியா?

இரண்டும்தான். ஆசிரியர் விடைத்தாளில் எழுதினால் பாராட்டு. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் வந்தால் பாக்கி. அதாவது இன்னும் கட்டாதது, முடிக்காதது, தீர்க்காதது.

ஒரே சொல்லுக்கு ஏன் இப்படி? சொல்லைப் பிரித்தால் 'வெளியே நிற்பது' என்று வரும். கூட்டத்திலிருந்து தனித்து நிற்பவர் சிறந்தவர். கணக்கில் அடையாமல் வெளியே நிற்கும் பணம் கடன். மளிகைக்கடை நோட்டை நினைத்துப் பாருங்கள்: காசு கொடுத்த வரிகளை அண்ணாச்சி அடித்துவிடுவார், மீதி வரிகள் அப்படியே நிற்கும். நம்முடைய 'நிலுவை'யும் 'நில்' என்பதிலிருந்து வந்ததுதான். இதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை என்பேன்.

எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் 'ஸ்டில்' இருந்தாலோ, பில், கடன், லீவு விண்ணப்பம் போன்றவற்றைப் பற்றிய பேச்சாக இருந்தாலோ, பாக்கி. 'ட்ரூலி' இருந்தால் பாராட்டு. 'அவுட்ஸ்டாண்டிங் வொர்க்' மட்டும் கொஞ்சம் வம்பு. மேலாளர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்புறம், 'அவுட்ஸ்டாண்டிங்' என்றாலே கெடு தாண்டிய கடன் என்று பலர் பதறுகிறார்கள். அப்படி இல்லை, கெடு தாண்டியதற்கு 'ஓவர்டியூ' என்று வேறு சொல் இருக்கிறது. கிரெடிட் கார்டில் நேற்று வாங்கி, இன்னும் பில்லில் ஏறாத பொருளின் தொகைகூட அவுட்ஸ்டாண்டிங்கில் சேரும்.