'மான்ஸ்டர்': ஸ்டீவ் குற்றவாளியா, இல்லையா?

மருந்துக்கடைக் கொள்ளையில் கடைக்காரர் கொல்லப்பட்ட வழக்கு இது; கடையை நோட்டம் பார்த்துக் கொள்ளையர்களுக்குச் சைகை காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஸ்டீவ் ஹார்மன் நாவலின் முடிவில் விடுதலையாகிறான். ஆனால் அவன் நிரபராதி என்று நாவலாசிரியர் வால்டர் டீன் மையர்ஸ் எங்கும் உறுதியாகச் சொல்லவில்லை. வாசகர்கள் இரண்டு கட்சியாக நிற்பதைப் பார்த்து, ஏதாவது பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

நாவல் திரைக்கதையாகவும் நாட்குறிப்பாகவும் மாறிமாறி வருகிறது. இரண்டையும் எழுதுபவன் பதினாறு வயது ஸ்டீவ்தான். பலர் திரைக்கதைப் பகுதியை நீதிமன்றப் பதிவாகவே நம்பிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இப்படிப் பாருங்கள்:

1. மின்ட் மிட்டாய் தேடி மருந்துக்கடைக்குள் போய்த் திரும்பியதாக நாட்குறிப்பில் அவன் எழுதும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சம்பவ நாளில் அந்தக் கடைக்கே போகவில்லை என்று கூண்டில் அவன் சொல்வதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இந்த முரண்தான் நாவலின் உயிர்நாடி என்பேன்.

ஒரு எச்சரிக்கை: நீதிமன்றத்தில் அவன் பொய் சொன்னான் என்றே வைத்துக்கொண்டாலும், கொள்ளையர்களுக்குச் சைகை காட்டினான் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. தீர்ப்புக்குப் பின் அவன் அணைக்கக் கை நீட்டும்போது அவனுடைய வழக்கறிஞர் ஓ'பிரையன் விறைத்துத் திரும்பிக்கொள்வதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது அவருடைய மனத்தைத்தான் காட்டுகிறது, நடந்ததை அல்ல.