தையல் இழுக்கிறது, காம்பும் வெடித்துவிட்டது: எப்படிப் பால் கொடுப்பது?

கேள்வி: சிசேரியனில் பிறந்த என் மகனுக்கு இன்றோடு 12 நாள். சம்மணம் போட்டு மடியில் வைத்துப் பால் கொடுத்தால் தையல் இழுக்கிறது, தோள் விட்டுப்போகிறது. காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. படுத்துக்கொண்டு கொடுத்தால் காதுக்குள் பால் போய்ச் சீழ் பிடிக்கும் என்று அத்தை தடுக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் சம்மணத்தை விடுங்கள். தரையில் உட்கார்ந்து மடிக்குக் குனியும்போது தையல் மடங்குகிறது, அதன்மேல் குழந்தையின் கனமும் சேருகிறது. முதுகு சாயும்படியான நாற்காலியில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். பாதம் தொங்கினால் குளியலறை ஸ்டூலைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சாய்ந்து வசதியான பிறகுதான் குழந்தை கைக்கு வரவேண்டும். தனியார் வேலை என்றால், 2023 முதல் கணவருக்குக் கிடைக்கும் 7 நாள் விடுப்பு இந்நேரம் முடிந்திருக்கும். ஆகவே குழந்தையைத் தூக்கிக் கொடுக்கும் வேலையை அத்தையிடம் கேளுங்கள். நீங்கள் எட்டித் தூக்கினால்தான் தையலுக்குக் கேடு.

வயிற்றில் தையல் உள்ளவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது கக்கத்துப் பிடி. ஆஸ்பத்திரியில் ‘ஃபுட்பால் ஹோல்டு’ என்பார்கள். எனக்கென்னவோ இடுப்பில் குடத்தை அணைப்பதுதான் நினைவுக்கு வரும். வலது மார்பில் கொடுப்பதாக இருந்தால், வலப்பக்கம் மார்பு உயரத்துக்குத் தலையணை அடுக்குங்கள். குழந்தை அதன்மேல் உங்களை ஒட்டிக் கிடக்கட்டும். கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகட்டும். வலது முன்கை அதன் முதுகைத் தாங்கும், உள்ளங்கை கழுத்தையும் தோளையும் தாங்கும். இடது கை மார்பைப் பிடிக்க. பாதம் நாற்காலியில் முட்டினால் குழந்தை உதைத்து வில்லாக வளையும். கொஞ்சம் முன்னுக்கு நகர்த்துங்கள். வயிற்றின்மேல் துளி பாரம் இருக்காது.

இனி காம்பு. வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பின் நுனியை மட்டும் பிடித்துச் சப்புவதுதான். காம்பை வாயில் திணிக்காதீர்கள். அதன் மூக்குக்கு நேராகக் காம்பைக் கொண்டுவந்து மேலுதட்டில் லேசாக உரசுங்கள், பொறுங்கள். தலையைச் சற்று அண்ணாந்து, கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளக்கும். அந்த நொடியில் தோளோடு சேர்த்துக் குழந்தையை மார்புக்கு இழுத்துவிட வேண்டும். மார்பில் முதலில் படுவது முகவாயாக இருக்கட்டும். பின்மண்டையை அழுத்தினால் திமிறிக்கொண்டு போகும். சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும். கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும், கீழே குறைவாகவும் தெரியும். முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். அதற்குப் பிறகும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கடைவாயில் சுத்தமான சுண்டுவிரலை நுழைத்து, பிடியை விடுவித்து, மறுபடி தொடங்குங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். புது லிப்ஸ்டிக்கின் நுனிபோல் ஒரு பக்கம் சரிந்து தட்டையாக வந்தால், பிடி இன்னும் ஆழமாக வேண்டும்.

சரி, அத்தை சொல்வதற்கு வருவோம். அந்தப் பயம் வெறும் கட்டுக்கதை இல்லை. மல்லாந்து கிடக்கும் குழந்தையின் வாயில் பால் புட்டியைக் கவிழ்த்தால், தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய்ப் பக்கம் பால் ஏற இடமுண்டு. ஒருக்களித்து மார்பில் குடிக்கும் குழந்தையின் கதை வேறு: பால் தொண்டையின் பின்புறம் போய் உடனே விழுங்கப்படுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் காதுத் தொற்று குறைவாகவே வருகிறது. இதை அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், வாதாட வேண்டாம்.

இரவில் படுத்தே கொடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே போல்ஸ்டர். தையல்மேல் மடித்த துண்டு ஒன்று, குட்டிக் கால் உதைக்குமே! குழந்தையும் உங்களைப் பார்த்து ஒருக்களித்து, வயிறோடு வயிறு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். கண் சொருகுவதாக இருந்தால் சோபாவில் மட்டும் கொடுக்காதீர்கள், அது ஆபத்து. கட்டிலிலும் குழந்தையின் முகத்தருகே தலையணையும் போர்வையும் வேண்டாம். முடிந்ததும் அதன் இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடித்து, ஆறு பேம்பர்ஸாவது நன்றாக நனைந்தால் பால் போதவில்லையோ என்ற கவலை வேண்டாம். அது குறைந்தாலோ, கண்ணில் மஞ்சள் கூடினாலோ, தையல் சிவந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சலோடு மார்பு சிவந்து கட்டினாலோ அன்றே கிளினிக்குக்குப் போங்கள். வீட்டுக்கு வரும் அரசு கிளினிக் தாதி எடையும் மஞ்சளும் பார்த்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள். அவர் வரும் நேரத்துக்குக் குழந்தை பசியோடு இருக்கும்படி பார்த்து, “நான் கொடுப்பதை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள்” என்று கேளுங்கள்.