கைபிடியைத் தூக்கத் தூக்க இறுகும் கதவு: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்து வீடுகளில் உள்ள இரட்டைக் கண்ணாடி யன்னல்கள், கதவுகளின் பூட்டு, கைபிடி, பிணைச்சல் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: எங்கள் முன்கதவு வெள்ளை யூபிவிசி (கடினப் பிளாஸ்டிக்) கதவு. கைபிடியை மேலே தூக்கிவிட்டுத்தான் திறப்பைத் திருப்ப வேண்டும். கொஞ்ச நாளாக இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கிறது. பார்க்க வந்தவர் முழுக் கதவையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? (ஈஸ்ட்ஹாம் வாசகி)

ப: அவசரப்படாதீர்கள். முதலில் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு கைபிடியைத் தூக்கிப் பாருங்கள், திறப்பையும் திருப்பிப் பாருங்கள். இலகுவாக வந்தால் பூட்டில் பிழை இல்லை, கதவுதான் இடம் நகர்ந்திருக்கிறது. திறந்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் மட்டுமே பூட்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். அதைச் செய்து பார்க்காமல் புதுக்கதவுக்கு விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

கைபிடியைத் தூக்கும்போது கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை உள்ள கொக்கிகளும் உருளைகளும் ஒரே நேரத்தில் நகர்ந்து, நிலைச்சட்டத்தில் உள்ள தகடுகளுக்குள் போகின்றன. கதவு இரண்டு மூன்று மி.மீ. இறங்கினாலே கொக்கி தகட்டின் விளிம்பில் முட்டும். நீங்கள் பலம் போட்டுத் தூக்கும்போது அந்தப் பலம் முழுவதும் நடுவிலுள்ள கியர்பொக்ஸில்தான் (பூட்டை இயக்கும் பெட்டி) விழுகிறது. அதற்குள் இருப்பது சின்ன வார்ப்பு உலோகத் துண்டுகள். இப்படியே விட்டால் ஒருநாள் அவை உடையும், அப்போது கதவு பூட்டிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க, கொக்கிகளிலும் உருளைகளிலும் சோக்குத் தூள் பூசி, கதவைச் சாத்தி ஒருமுறை தூக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். தகட்டில் சோக்கு பட்ட இடம்தான் முட்டும் இடம். பழைய கதவென்றால் அங்கே ஏற்கெனவே உலோகம் தேய்ந்து பளபளக்கும். தகட்டின் கீழ்விளிம்பில் தேய்வு இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது.

பிறகு பிணைச்சலுக்கு வாருங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சீர்செய்யும் ஆணி தெரியும். பெரும்பாலானவற்றுக்கு 4 அல்லது 5 மி.மீ. அலன் கீ (அறுகோணத் திருகி) பொருந்தும். ஒரு ஆணி உயரத்துக்கு, மற்றது பக்கவாட்டுக்கு. எது எதற்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே அரைச் சுற்றுத் திருப்பி, கதவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். உயரத்தை மாற்றும்போது கதவின் அடியில் மர ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்குங்கள். மூன்று பிணைச்சல் இருந்தால் மூன்றிலும் பாரம் விழவேண்டும். ஒன்றில் மட்டும் தூக்கினால் அது சீக்கிரம் தேயும். கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

வெயில் காலத்துப் பிற்பகலில் மட்டும் இறுகும் கதவு வேறு வகை. பிளாஸ்டிக் வெயிலில் நீளும், கடும் நிறக் கதவு இன்னும் கூடுதலாக நீளும். கடும் வெயில் நாளில் சீர்செய்தால் குளிர்காலத்தில் காற்று உள்ளே வரும். மிதமான நாளில் காலையில் செய்யுங்கள்.

கே: பிணைச்சலைச் சீர்செய்தோம். இரண்டு மாதத்தில் கதவு திரும்பவும் இறங்கிவிட்டது. ஆணிகளில் இனித் திருப்ப இடமில்லை. கதவின் மேல்பாதி முழுக்கக் கண்ணாடி. (ஹரோ வாசகர்)

ப: உங்கள் கதவில் பிழை பிணைச்சலில் இல்லை, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்த முட்டுத்துண்டுகளில் இருக்கிறது. யூபிவிசி கதவின் சட்டம் தனியே நின்றால் சாய்சதுரமாக வளையக்கூடியது. அதை நேராக வைத்திருப்பது கண்ணாடிதான். கண்ணாடியின் பாரம் பிணைச்சல் பக்கக் கீழ்மூலையில் இறங்க வேண்டும், அதற்கு எதிர்மூலையான பூட்டுப் பக்க மேல்மூலையில் கண்ணாடி சட்டத்தை மேலே தள்ள வேண்டும். இந்த இரண்டு மூலைகளிலும் பிளாஸ்டிக் துண்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பொருத்தியவர் வைக்காமல் விட்டிருக்கலாம், வைத்தது நழுவியும் இருக்கலாம்.

கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். பூட்டுப் பக்க மேல்மூலையிலிருந்து பிணைச்சல் பக்கக் கீழ்மூலை வரையான நீளம் மற்றதைவிடக் குறைவாக இருந்தால் சட்டம் சரிந்திருக்கிறது.

சரிசெய்ய, உள்பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் நீளப் பட்டிகளைக் கழற்ற வேண்டும். நீளமான பட்டியின் நடுவிலிருந்து, மழுங்கிய அகலக் கத்தியை விட்டு மெல்ல நெம்புங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் பட்டி உடையும். எந்தப் பட்டி எந்தப் பக்கம் என்று பின்புறத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். கடைசிப் பட்டியைக் கழற்றும்போது இன்னொருவர் கண்ணாடியைக் கட்டாயம் பிடித்திருக்க வேண்டும். 4 மி.மீ. தடிப்புள்ள இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றருக்கு 20 கிலோ பாரம்.

இப்போது பிணைச்சல் பக்கக் கீழ்மூலையில் முதல் துண்டை வையுங்கள். ஒருவர் கதவின் பூட்டுப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, மேல்மூலையில் மற்றத் துண்டைச் செருகுங்கள். இந்தத் துண்டுகள் 1 முதல் 6 மி.மீ. வரை தடிப்பில், தடிப்புக்கு ஒரு நிறமாகக் கலந்த பையாக விற்கப்படுகின்றன. இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் சுத்தியலால் அடிக்காதீர்கள். கண்ணாடியின் மூலை மிகவும் பலவீனமானது. பட்டிகளைத் திரும்பப் போடும்போது குட்டையானவை முதலில், நீளமானவை பிறகு. கண்ணாடி பிசகினால் காயம் பெரிதாக இருக்கும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். முழு உயரக் கண்ணாடிக் கதவென்றால் இதை அனுபவமுள்ளவரிடமே விடுங்கள்.

கே: கதவு சாத்தியபடியே மாட்டிக்கொண்டது. கைபிடி மேலும் கீழும் சும்மா ஆடுகிறது, திறப்பு மட்டும் திரும்புகிறது. (சவுத்ஹோல் வாசகர்)

ப: கைபிடிகளை இணைக்கும் சதுரக் கம்பி முறிந்திருக்கும், அல்லது கியர்பொக்ஸ் உடைந்திருக்கும். உள்பக்கக் கைபிடியின் இரண்டு ஆணிகளையும் கழற்றிவிட்டுக் கம்பியைப் பாருங்கள். 8 மி.மீ. சதுரக் கம்பி அது. முறிந்திருந்தால் நல்ல செய்தி, கம்பிக்குப் பெரிய விலை இல்லை. முழுதாக இருந்தால் குறட்டால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அதே நேரம் இன்னொருவர் கதவைத் தோளால் உள்ளும் வெளியுமாக அழுத்தித் தளர்த்தட்டும். கொக்கிகளின் இறுக்கம் குறையும் கணத்தில் பல கதவுகள் திறந்துவிடும். இதற்கும் மசியாவிட்டால் பூட்டுத் திருத்துபவரைக் கூப்பிடுங்கள். நெம்புகோல் போட்டால் நிலை வெடிக்கும், செலவு பல மடங்காகும்.

திறந்த பிறகு முழு நீளப் பூட்டை மாற்றத் தேவையில்லை. பல தயாரிப்புகளில் நடுக் கியர்பொக்ஸ் தனியாகக் கிடைக்கும். வாங்குமுன் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முகத்தகட்டிலோ பெட்டியிலோ பொறித்திருக்கும் பெயர், அந்தத் தகட்டின் அகலம், கைபிடிக் கம்பியின் நடுவிலிருந்து திறப்புத் துளையின் நடுவரை உள்ள தூரம், தகட்டின் முகத்திலிருந்து கம்பியின் நடுவரை உள்ள ஆழம். தகட்டின் அகலம் 16 அல்லது 20 மி.மீ. ஆக இருக்கும். தூரம் பெரும்பாலும் 92 மி.மீ., ஆழம் பெரும்பாலும் 35 மி.மீ. ஆனால் “பெரும்பாலும்” என்பதை நம்பி வாங்காதீர்கள். 1 மி.மீ. பிசகினாலும் பொருந்தாது. கழற்றிய பெட்டியை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்துக் கடையில் காட்டுவது நல்லது.

புதுப்பெட்டியைப் பொருத்திவிட்டு, முதல் பதிலில் சொன்ன திறந்த கதவுச் சோதனையைச் செய்யுங்கள். பழையதை உடைத்த முட்டல் அப்படியே இருந்தால் புதியதும் அதே வழியில் போகும்.

கே: புதிதாக வாங்கிய வீடு. முன்பிருந்தவர்களிடம் எத்தனை திறப்பு இருக்கிறதோ தெரியாது. பூட்டை நாங்களே மாற்றலாமா? (மில்டன் கீன்ஸ் வாசகி)

ப: தாராளமாக. மாற்ற வேண்டியது திறப்பு நுழையும் சிலிண்டரை மட்டும்தான். கதவைத் திறந்துவைத்து விளிம்பைப் பாருங்கள். திறப்புத் துளைக்கு நேரே ஒரு நீண்ட எம்5 (5 மி.மீ. தடிப்பு) ஆணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, திறப்பைப் போட்டு ஏறத்தாழ 20 பாகை திருப்பியபடி சிலிண்டரைத் தள்ளுங்கள். நடுவிலுள்ள நாக்கு உடலோடு ஒரே கோட்டில் வரும் இடத்தில் தானாக வழுக்கி வரும். வராவிட்டால் திறப்பை ஒரு முடியளவு இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். பலம் வேண்டாம்.

அளவை ஆணித் துளையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் 40, உள்பக்கம் 50 என்றால் அது 40/50. மொத்தம் 90 என்று மட்டும் சொல்லி 45/45 வாங்கிவந்தால் வெளியே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அது பெரிய ஆபத்து. துருத்தும் முனையைப் பிடித்து முறித்தால் சிலிண்டர் ஆணித் துளை இருக்கும் மெல்லிய இடத்தில் உடையும். இங்குள்ள திருடர்களுக்கு நன்கு தெரிந்த வழி இது. கைபிடித் தகட்டுக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் எதுவும் தெரியக்கூடாது. வாங்கும்போது கைற்மார்க் என்ற பிரித்தானியத் தர முத்திரையோடு, பூட்டுகளுக்கான டிஎஸ் 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் உள்ளதா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரச் சிலிண்டரும் இரண்டு நட்சத்திரக் கைபிடியும் சேர்ந்தாலும் அதே பாதுகாப்புத்தான். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் பூட்டுப் பற்றி நிபந்தனை இருக்கிறதா என்றும் வாசித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். திறப்பு இறுகினால் நம் வீடுகளில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். அறை வெப்பம் 24 பாகைக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கும். இந்த ஊர்க் குளிரில் சிலிண்டருக்குள் மெழுகாக நின்று தூசியைப் பிடித்து, ஊசிகளை அசையவிடாது. சிலிண்டருக்குக் கிராஃபைட் தூள் அல்லது உலர்ந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே. கொக்கி, உருளைகளுக்கு வருடம் ஒருமுறை மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு துளி. இறப்பர் விளிம்புகளுக்குச் சிலிக்கோன் ஸ்ப்ரே.

கே: மாடி அறை யன்னல் சாத்தினாலும் பிணைச்சல் பக்கம் விரலளவு இடைவெளி. காற்று வருகிறது. பிணைச்சல் துருப்பிடித்திருக்கிறது. (லெஸ்டர் வாசகர்)

ப: யன்னலில் உள்ளது உராய்வுப் பிணைச்சல். தண்டவாளம் போன்ற தகட்டில் ஒரு பட்டை வழுக்கிப் போகும். தூசி அடைத்தாலோ கைகள் வளைந்தாலோ யன்னல் கதவு முழுதாக உள்ளே இழுபடாது. முதலில் தண்டவாளத்தைத் தூரிகையால் சுத்தம் செய்து பாருங்கள். கைகள் வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள்.

வாங்குவதற்கு மூன்று விவரம் போதும்: தண்டவாளத்தின் நீளம், யன்னல் பக்கவாட்டில் திறப்பதா மேலிருந்து தொங்குவதா என்பது, பிணைச்சல் மூடியிருக்கும்போது அதன் மொத்தத் தடிப்பு. தடிப்பு 13 அல்லது 17 மி.மீ. ஆக இருக்கும். இதைத் தவறாக வாங்கினால் யன்னல் சாத்தவே சாத்தாது.

மாடியில் தனியாகச் செய்ய வேண்டாம். ஒருவர் யன்னல் கதவை உள்ளிருந்து இரண்டு கையாலும் பிடித்திருக்க, மற்றவர் ஆணிகளைக் கழற்றிக் கதவை அறைக்குள் எடுக்க வேண்டும். புதியதைப் பழைய துளைகளிலேயே பொருத்துங்கள். துளை பெருத்து ஆணி சுழன்றால் 4.3 மி.மீ.க்குப் பதில் 4.8 மி.மீ. ஆணி போடலாம். துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் மட்டும்.

படுக்கையறையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தீ விபத்தில் தப்பும் வழியாக வைத்த யன்னலில், கதவு 90 பாகைக்கு அகலத் திறக்கும் பிணைச்சல் இருக்கும். அதற்குப் பதில் சாதாரணப் பிணைச்சலைப் போட்டால் திறக்கும் வழி குறுகிவிடும். இங்கிலாந்துக் கட்டட விதிகளில் தப்பும் யன்னலுக்குக் குறைந்தது 0.33 சதுர மீற்றர் திறந்த இடைவெளி, அதன் அகலம், உயரம் இரண்டும் 450 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. முன்பிருந்த அதே வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கே: யன்னல் கைபிடி முறிந்துவிட்டது. கடையில் ஒரே மாதிரி நாலைந்து வகை இருக்கின்றன. எதை வாங்குவது? (மிச்சம் வாசகி)

ப: பழையதைக் கழற்றி, அடித்தகட்டுக்கு வெளியே நீளும் சதுரக் கம்பியை அளவுங்கள். கம்பி 7 மி.மீ. சதுரம், ஆணித் துளைகளின் தூரம் 43 மி.மீ. என்பவை பெரும்பாலும் பொது, நீளம்தான் மாறும். குட்டையாக இருந்தால் பூட்டை எட்டாது, நீளமாக இருந்தால் அடித்தகடு சட்டத்தோடு படியாது. கம்பியே இல்லாமல் மூக்குப்போல ஒரு கொக்கி சட்டத்தைப் பிடிக்கும் பழைய வகை என்றால், அடித்தகட்டிலிருந்து அந்த மூக்கின் அடிவரை உள்ள உயரத்தை அளந்து கொண்டுபோங்கள். யன்னலைத் திறந்துவைத்தும் கைபிடி இறுக்கமாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தது என்றால் உள்ளே உள்ள நீளப் பூட்டையும் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டே புதுக் கைபிடியைப் போடுங்கள்.

கே: இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பனி படர்ந்திருக்கிறது. யன்னலையே மாற்ற வேண்டுமா? (லூட்டன் வாசகர்)

ப: வேண்டாம். கண்ணாடி அலகின் விளிம்பு ஒட்டுவிட்டு ஈரம் உள்ளே போயிருக்கிறது. சட்டமும் பிணைச்சலும் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் செய்வித்து மாற்றலாம். அகலம், உயரம், தடிப்பு மூன்றையும் பட்டியைக் கழற்றிய பின் அளவுங்கள். தடிப்பு பெரும்பாலும் 24 அல்லது 28 மி.மீ. மாற்றும்போது சட்டத்தின் அடியில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தேங்கும் தண்ணீர் புதுக் கண்ணாடியின் ஒட்டையும் கெடுக்கும்.