எண்ணுக்கு முன் எல்லை: நிறுவனங்களின் சூழல், சமூக, ஆளுகைக் கணக்கியல் பயில்வோரின் கேள்விகள்

கேள்வி: வணிகவியல் பட்டம் முடித்திருக்கிறேன். ஜிஆர்ஐ, ஐஎஸ்எஸ்பி, ஐரோப்பிய ஒன்றியத் தரநிலைகள் என ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: எது சிறந்தது என்று கேட்பதை விட்டு, எது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். 1997-இல் தொடங்கப்பட்ட ஜிஆர்ஐ (உலகளாவிய அறிக்கையிடல் முன்முயற்சி) அமைப்பின் தரநிலைகள், ஒரு நிறுவனம் மக்கள்மீதும் சுற்றுச்சூழல்மீதும் பொருளாதாரத்தின்மீதும் ஏற்படுத்தும் தாக்கத்தைத் தொழிலாளர், நுகர்வோர், அக்கம்பக்கத்தில் வாழ்வோர் உள்ளிட்ட எல்லோருக்கும் தெரிவிக்கச் சொல்கின்றன. பன்னாட்டு நிலைத்தன்மைத் தரநிலை வாரியமான ஐஎஸ்எஸ்பி 2023 ஜூனில் வெளியிட்ட எஸ்1, எஸ்2 ஆகிய இரண்டும் முதலீட்டாளரையும் கடன் கொடுப்போரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிறுவனத்தின் பணவரத்தையும் நிதி திரட்டும் வாய்ப்பையும் பாதிக்கக்கூடிய இடர்களும் வாய்ப்புகளுமே அங்கே பேசுபொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரநிலைகள் இந்த இரு நோக்குகளையும் சேர்த்துக் கேட்கின்றன. இதையே இரட்டை முக்கியத்துவம் என்கிறார்கள்.

என் பரிந்துரை எஸ்2. அது பருவநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளுகை, உத்தி, இடர் மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என்னும் நான்கு தூண்களில் நிற்பதால், ஒரு நிறுவனத்தின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் படிக்க முடியும். ஐரோப்பியச் சட்ட விவரங்களை மட்டும் பழைய பாடக்குறிப்புகளிலிருந்து படிக்க வேண்டாம். எந்தெந்த நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டும் என்ற வரம்பைச் சுருக்கும் திருத்தங்களை ஐரோப்பிய ஆணையம் 2025 பிப்ரவரியில் முன்மொழிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட விளக்கங்கள் அந்த அளவுக்குப் பழையவை.

கேள்வி: ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஆனால் இரு ஆவணங்களில் உமிழ்வு அளவு வெவ்வேறாக இருக்கிறது. ஏதேனும் ஒன்று பொய்யா?

பதில்: பொய்யாகவும் இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை பல. இந்தத் துறையின் சாரமே இக்கேள்வியில் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லை. நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பயன்படுத்தும் பசுங்குடில் வாயு நெறிமுறையின் நிறுவனத் தரநிலை, 2004-இல் திருத்தி வெளியிடப்பட்ட பதிப்பின்படி, பங்குரிமை, நிதிக் கட்டுப்பாடு, செயல்பாட்டுக் கட்டுப்பாடு ஆகிய அணுகுமுறைகளுள் ஒன்றை நிறுவனம் தேர்ந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 1,00,000 டன் உமிழும் கூட்டு ஆலை ஒன்றில் நிறுவனத்துக்கு 40 சதவீதப் பங்கு இருப்பதாகக் கொள்வோம். பங்குரிமை முறையில் அதன் கணக்கில் 40,000 டன் ஏறும். ஆலையை இயக்கும் பொறுப்பு அதனிடமே இருந்தால், செயல்பாட்டுக் கட்டுப்பாட்டு முறையில் முழு 1,00,000 டன்னும் ஏறும். இயக்குவது மற்ற பங்காளி என்றால், அதே முறையில் ஸ்கோப் 1 கணக்கில், அதாவது நேரடி உமிழ்வுக் கணக்கில், ஒரு டன்கூட வராது. புகைபோக்கியிலிருந்து வெளியேறுவது மாறவில்லை. கணக்கு மட்டும் மூன்று விதமாகிறது.

அடுத்தது, வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வைக் குறிக்கும் ஸ்கோப் 2. 2015-இல் வந்த வழிகாட்டுதலின்படி இதை இரு வழியிலும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இட அடிப்படையில், மின்தொகுப்பின் சராசரி உமிழ்வு காரணி (ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்பது) பயன்படும். சந்தை அடிப்படையில், நிறுவனம் செய்துகொண்ட மின் ஒப்பந்தங்களும் வாங்கிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ்களும் கணக்கில் வரும். ஆலையில் எரியும் விளக்குகளில் எந்த மாற்றமும் இல்லாமல், சான்றிதழ் வாங்கியதாலேயே இரண்டாம் எண் சுழியத்தைத் தொட்டுவிடலாம். விளம்பரத்தில் அந்தச் சுழியமும், பின்னிணைப்பில் இட அடிப்படை எண்ணும் அச்சாவது வழக்கம். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் அருகருகே வைக்காத அறிக்கையை நம்பிக்கையோடு படிக்கவும் மாட்டேன்.

இவை தவிர, பிற வாயுக்களைக் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மாற்றும் காரணிகள். மீத்தேனின் நூறாண்டு வெப்பமாக்கும் திறனை பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவான ஐபிசிசியின் நான்காம் மதிப்பீட்டறிக்கை 25 என்றும், ஐந்தாம் அறிக்கை 28 என்றும் கொண்டன. எந்த அறிக்கையின் காரணி என்று சொல்லாத மீத்தேன் கணக்கை ஒப்பிடவே முடியாது. நிறுவனம் ஒரு பிரிவை விற்றுவிட்டு, ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டின் உமிழ்வை மறுகணக்கிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். விற்பனையால் வந்த குறைவு உமிழ்வுக் குறைப்பாகாது.

கேள்வி: வழங்குநர், வாடிக்கையாளர் பக்கத்து உமிழ்வைச் சொல்லும் ஸ்கோப் 3 எண்கள் பெரும்பாலும் மதிப்பீடுகளே என்கிறார்கள். பிறகு அவற்றை ஏன் படிக்க வேண்டும்?

பதில்: மதிப்பீடு என்பதாலேயே ஒரு கணக்கு தள்ளுபடியாகிவிடாது, தேய்மானமும் வாராக்கடன் ஒதுக்கீடும் மதிப்பீடுகள்தாமே. 2011-இல் வெளியான தரநிலை, வாங்கும் பொருள்கள் முதல் விற்ற பொருளின் பயன்பாடு, முதலீடுகள் வரை மதிப்புச் சங்கிலியை 15 பிரிவுகளாக வகுக்கிறது. கேட்க வேண்டியது, எந்த முறையில் மதிப்பிட்டார்கள் என்பதே. செலவு அடிப்படையில் கணக்கிட்டால், வாங்கிய எஃகின் எடை மாறாமல் விலை மட்டும் ஏறினாலும் உமிழ்வு ஏறியதாகத் தெரியும். தூய்மையான முறையில் தயாரித்த எஃகுக்குக் கூடுதல் விலை கொடுத்த நிறுவனம்கூட அந்தக் கணக்கில் அதிக மாசு செய்ததாகத் தோன்றும். பெரிய பிரிவுகளிலாவது வழங்குநரின் உண்மைத் தரவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் சூழலியல் மாணவி. நிதிக் கணக்கியல் தெரியாமல் இத்துறையில் நுழைய முடியுமா?

பதில்: நுழையலாம், நெடுந்தூரம் போவது கடினம். நிறுவனக் குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கு, பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகளில் சொத்தின் மதிப்பிழப்பைச் சொல்லும் ஐஏஎஸ் 36, ஒதுக்கீடுகளைச் சொல்லும் ஐஏஎஸ் 37 ஆகியவற்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். நிலக்கரியிலிருந்து விரைவில் விலகுவதாக முன்பக்கத்தில் அறிவிக்கும் நிறுவனம், தன் நிலக்கரி ஆலையின் பயன்பாட்டுக் காலத்தை நிதிநிலை அறிக்கையில் குறைக்காமல் வைத்திருந்தால், அந்த முரணைக் காணும் கண் உங்களுக்கு வேண்டும். கணக்காளர்களிடமும் எல்லா விடைகளும் இல்லை என்பது உங்களுக்கு ஆறுதல் தரலாம்: உமிழ்வு உரிமங்களைக் கணக்கில் எழுதுவதற்காக பன்னாட்டு நிதி அறிக்கையிடல் விளக்கக் குழுவிடமிருந்து 2004 டிசம்பரில் வந்த ஐஃப்ரிக் 3 விளக்கம், 2005 ஜூனிலேயே திரும்பப் பெறப்பட்டது.

கேள்வி: சுயாதீன உறுதியளிப்பு பெற்ற, அதாவது வெளியார் சரிபார்த்த, அறிக்கை என்றால் முழுமையாக நம்பலாமா?

பதில்: உறுதியளிப்பு அறிக்கையின் இறுதிப் பத்தியைப் படியுங்கள். தவறு இருப்பதாகக் கருத வைக்கும் எதுவும் தம் கவனத்துக்கு வரவில்லை என்று எழுதியிருந்தால், அது வரம்புக்குட்பட்ட உறுதி மட்டுமே. எந்தெந்த அளவீடுகளுக்கு அது பொருந்தும் என்பதையும் பாருங்கள். பல அறிக்கைகளில் தேர்ந்தெடுத்த சில எண்களே சோதிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: சான்றிதழ்ப் படிப்பு அவசியமா?

பதில்: வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். அதற்கு முன் ஓர் அறிக்கையை முழுதாகப் படித்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: முதுநிலை ஆய்வேட்டுக்கு மதிப்பீட்டு நிறுவனங்களின் ஈஎஸ்ஜி (சூழல், சமூக, ஆளுகை) மதிப்பெண்ணை மாறியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அது எதை அளக்கிறது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பேற்க வேண்டும். ஆறு மதிப்பீட்டாளர்களை ஒப்பிட்டு 2022-இல் இதழில் வெளியான ஓர் ஆய்வு, அவர்களின் மதிப்பெண்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.54 மட்டுமே (முழுதாக ஒத்துப்போனால் 1) என்று கண்டது. எதை எப்படி அளப்பது என்பதிலுள்ள வேறுபாடே அதற்குத் தலையாய காரணம். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் மோசடி 2015 செப்டம்பரில் அம்பலமானபோது, அது டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் இடம்பெற்றிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே மதிப்பீட்டாளரின் மதிப்பெண்ணை வைத்துக் கண்ட தொடர்பு, இன்னொருவரின் மதிப்பெண்ணில் மறைந்துபோகலாம்.

முடிந்தால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அறிக்கைகளிலிருந்து மூலத் தரவைக் கையால் திரட்டுங்கள். நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்தாலும் ஆய்வு வலுப்பெறும். அப்போதும் அலகுகளில் கவனம் வேண்டும்: பணியிடக் காய வீதத்தைச் சில நிறுவனங்கள் 2,00,000 வேலை மணிகளுக்கும், வேறு சில 10,00,000 வேலை மணிகளுக்கும் கணக்கிடுகின்றன. இரண்டையும் ஜிஆர்ஐ தரநிலை ஏற்கிறது. ஒரே நெடுவரிசையில் அப்படியே இட்டால் ஐந்து மடங்கு பிழை நுழையும். தரவுத்தாளில் அலகுக்கும் எல்லைக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்துத் திரட்டலைத் தொடங்குங்கள்.