கிறிஸ்துமஸ் தாத்தா யார் என்று பிள்ளை கேட்டால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. போன டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸில் வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் செருப்பைப் பார்த்துவிட்டு, "இது பக்கத்து வீட்டு அண்ணன்தானே?" என்றாள். தலையணைப் பக்கத்தில் பரிசு வைப்பதும் நாங்கள்தானா என்று இப்போது துளைத்தெடுக்கிறாள். சொல்லிவிடலாமா? தம்பியிடம் உளறிவிட்டால்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சொல்லிவிடுங்கள். செருப்பை வைத்தே ஆளைப் பிடித்துவிட்ட பிள்ளையிடம் இனி மழுப்பினால், நீங்கள் சொல்லும் மற்ற விஷயங்களிலும் அவளுக்குச் சந்தேகம் வரும். ஏழெட்டு வயதில் பல பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உண்மை தெரிந்த பிள்ளைகள் பெரும்பாலும் அதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதிகம் வருந்தியது பெற்றோர்தான்.

ஆனால் பண்டிகை வாரத்தில் வேண்டாம். கிறிஸ்துமஸ் தாத்தா உருவத்துக்கு மூலமான புனித நிக்கோலாஸின் திருநாள் டிசம்பர் 6. அதையொட்டிச் சொல்வது பொருத்தம். தம்பி தூங்கிவிட்டான் என்று நம்பி அதே அறையில் பேசாதீர்கள், மொட்டை மாடிக்கோ கடைக்கோ அவளை மட்டும் கூட்டிப் போங்கள். முதலில், "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். செருப்பு, கையெழுத்து, பரிசுத் தாள் என்று அவள் சாட்சிகளை அடுக்கினால் தயாராகிவிட்டாள். "இருக்கார்தானேம்மா?" என்று உங்கள் முகத்தையே பார்த்தால், கொஞ்ச நாள் பொறுங்கள்.

"அப்படி யாரும் கிடையாது" என்று அதோடு நிறுத்திவிடுவதால்தான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். நிக்கோலாஸின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக (பிஷப்பாக) இருந்தவர். சீர் கொடுக்க வழியில்லாத ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியே பொன் முடிப்புகளைப் போட்டார் என்பது மரபுக் கதை. 'கொடுத்தது யாரென்று தெரியக்கூடாது, அதுதான் இந்த ரகசியம். இந்த வருஷம் நீயும் எங்களோட சேர்ந்துக்கோ' என்று முடியுங்கள்.

உடனே ஒரு வேலை கொடுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெரிந்த ஒருவரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கு என்ன தேவை என்று ஒரு வாரம் கவனிக்கட்டும். 100 ரூபாய்க்குள் வாங்கி, பெயர் எழுதாமல் வைத்துவிட்டு வரட்டும். வெறும் கையோடு ரகசியத்தைக் கட்டிக் காப்பது எட்டு வயதுக்குக் கஷ்டம். செய்ய வேலை இருந்தால் வாய் அடங்கும்.

தம்பியின் பரிசைச் சுற்றுவதிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைச் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். வீட்டில் மற்றவர்கள் தரும் பரிசுக்கு வாங்கிய தாள் இதற்கு ஆகாது. பல வீடுகளில் குட்டு வெளிப்படுவது அதில்தான். செலோ டேப்பை ராத்திரியில் இழுத்தால் 'கிர்ர்' சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொள்ளும். பகலிலேயே பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வெட்டி, ஒரு ஸ்டீல் தட்டின் ஓரத்தில் ஒட்டி எடுத்து வையுங்கள்.

தம்பி கேட்டால் பொய் சொல்லும்படி அவளைப் பழக்க வேண்டாம். "அம்மாட்ட கேளு" என்ற ஒரு பதில் போதும், அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியிலும் அப்படியே. அவளுக்கான பரிசை இந்த வருடமும் அதே இடத்தில் வையுங்கள். நிறுத்திவிட்டால், கேட்டதற்குத் தண்டனை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

கேள்வி: எங்கள் மூன்று வயதுப் பையன் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டாலே அலறுகிறான். என்ன செய்வது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பயம் பெரும்பாலும் முகமூடியால்தான். அசையாத முகத்துக்குள்ளிருந்து குரல் வந்தால் சிறு பிள்ளை மிரளும். இவனிடம் ரகசியமே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அவன் கண்முன்னே அப்பா முதலில் சிவப்பு அங்கி, பிறகு தொப்பி, கடைசியில் முகமூடி என்று போட்டு, பேசிக்கொண்டே கழற்றிக் காட்டட்டும். பிறகு முகமூடியை அவன் கையில் கொடுங்கள். கேரல் குழு வரும் இரவில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், தாத்தாவிடம் கைகொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மிட்டாயை உங்களிடம் தரச் சொன்னால் போதும்.