வில்லன் இல்லாத புறா

கேள்வி: எனக்கு வயது 26. சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. நாங்கள் இருப்பது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. மொட்டை மாடியில் என் பெரியப்பா முப்பது வருஷமாக ஹோமர் புறா (தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடித் திரும்பும் புறா) வளர்க்கிறார், பந்தயம் விடுகிறார். எட்டு மாதமாக லீவு நாட்களில் அவரைப் படம் பிடித்து வருகிறேன். அறுபது மணி நேரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. சினிமா கம்பெனியில் இருக்கும் ஒருவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, கதை எங்க? வில்லன் யாரு?" என்றார். ஆவணப்பட வட்டாரத்தில் இருக்கும் தோழியோ, "ஊர்ல இவ்ளோ பிரச்சினை இருக்கு, புறாவ வெச்சு என்ன அரசியல் பேசப் போற?" என்கிறாள். ஆவணப்படம் என்றால் அழுகையும் சாக்கடையும்தானா? என் படம் கதையே இல்லையா?

இன்னும் இரண்டு சந்தேகம். ஓங்கோலில் விட்ட புறா ஒன்று வந்து சேராத அன்று, பெரியப்பா கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்து இருட்டும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி கூண்டுக் கதவைச் சாத்தவில்லை. வெளிச்சம் போய்விட்டதால் படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. மறுபடி உட்காரச் சொல்லி எடுக்கலாமா? அடுத்தது, பெரியம்மாவின் வளையலை அடகு வைத்து ஒரு ஜோடி வாங்கியதை கேமரா முன்னால் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்குத் தெரியாது. மறுநாள், "அத்த மட்டும் தூக்கிடும்மா" என்றார். படத்திலேயே உயிரான இடம் அதுதான். எங்கள் பிளாக்கை இடித்துக் கட்டப் போவதாகப் பேச்சு இருப்பதால் சீக்கிரம் முடிக்க நினைக்கிறேன்.
- பெயர் வேண்டாம், சென்னை-39

பதில்:

அந்தப் புறா வந்ததா?

கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி இதுதான். எங்கேயாவது எழுதியிருப்பீர்கள் என்று திரும்பவும் மேலிருந்து படித்தேன். எழுதவில்லை. உங்கள் பெரியப்பா யாரென்று எனக்குத் தெரியாது. புறாவைக் கண்டால் தும்மல் வருகிற ஆள் நான். எனக்கே இந்தத் தவிப்பு வந்துவிட்டது என்றால், "கதை எங்க?" என்று கேட்டவருக்கு இதைவிட வேறு பதில் எதற்கு?

அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் வேலை அப்படி. வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகும் படத்துக்கு ஞாயிறு இரவுக்குள் தலையெழுத்து தெரிந்துவிடும். பணம் போடுபவரிடம் இரண்டே வரியில் கதை சொல்லியாக வேண்டும், அந்த இரண்டு வரியில் வில்லன் கட்டாயம் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. யாரிடமும் இரண்டு வரி சொல்லாமல் எட்டு மாதம் மாடியில் நின்றிருக்கிறீர்கள்.

'கூழாங்கல்' பார்த்திருப்பீர்கள். குடித்துவிட்டு வரும் அப்பன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவரக் கிளம்புகிறான். போகிறார்கள், வருகிறார்கள், மதுரைப் பக்கத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவ்வளவுதான் கதை. வினோத்ராஜின் அந்த முதல் படத்துக்கு 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது கிடைத்தது. தமிழ்ப் படம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஒரு குடும்பம் சென்னையில் வாடகை வீடு தேடி அலைவதை மட்டும் வைத்துக்கொண்டு செழியன் 'டு லெட்' எடுத்தார், தேசிய விருது வந்தது. "எத்தனை பேர் இருப்பீங்க? நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று வாசற்படியிலேயே நிறுத்திக் கேட்கப்பட்ட யாருக்கும் அந்தப் படத்தில் வில்லன் எங்கே என்ற சந்தேகம் வராது. கோவையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவரின் ஒரே ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது 'நசீர்'. இவர்கள் யாரும் புதுசாக ஒரு விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. நாமெல்லாம் கடந்து போன இடத்தில் நின்றுவிட்டார்கள். படத்துக்குப் படம் கதை மாறுவதற்குக் காரணம், நிற்கிற ஆள் மாறுவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் தோழி கேட்டது. இதில்தான் நீங்கள் கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். புறாவில் அரசியல் இல்லை என்று அவள் சொன்னதை நீங்களும் ஒப்புக்கொண்டு, "அப்படியே இருக்கட்டுமே" என்று வீம்பு பிடிக்கிறீர்கள்.

கடிதத்தின் கடைசி வரியை எடுத்துப் பாருங்கள். பிளாக்கை இடிக்கப் போகிறார்கள் என்பதைப் படத்தைச் சீக்கிரம் முடிக்க ஒரு காரணமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கரண்ட் போவதற்குள் மாவாட்டிவிட வேண்டும் என்பதைப் போல. மனிதர்களுக்குக் கருணைத்தொகை கொடுத்து, "வாடகைக்குப் போங்க, கட்டி முடிச்சதும் கூப்பிடுறோம்" என்று சொல்லிவிடலாம். ஹோமர் புறாவிடம் யார் போய்ச் சொல்வது? வளர்ந்த ஹோமரை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் அது பழைய மாடியைத் தேடித்தான் பறக்கும். அதனால்தான் விலைக்கு வாங்கிய ஜோடியை வெளியே விடாமல் கூண்டிலேயே வைத்து, அது பொரிக்கும் குஞ்சை அந்த மாடியில் பழக்குகிறார்கள். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் பிளாக்கை இடித்த பிறகு, ஓங்கோலிலிருந்து வருகிற புறா எந்த மாடியில் இறங்கும்? பெரியப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறாரா? பேசியிருந்தால் அந்த அறுபது மணி நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பேசவில்லை என்றால் நீங்களாகக் கேட்க வேண்டாம், கொஞ்ச நாள் காத்திருங்கள். புறாவுக்குத் தீனி வைக்கும்போது அவரே சொல்வார்.

மெரினாவை ஒட்டியும் கூவம் கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்த ஊர் இது. அதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன, அறிக்கைகள் வந்திருக்கின்றன. இறங்குவதற்கு மாடி இல்லாமல் சுற்றுகிற ஒரு புறாவை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

டெல்லியில் வஜீராபாத்தில் அண்ணன் தம்பி இருவர், காயம்பட்டு விழும் பருந்துகளுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் கட்டுப்போட்டுக் காப்பாற்றுகிறார்கள். அங்கேயேதான் சோப்புத் திரவ டப்பா செய்யும் அவர்கள் தொழிலும் நடக்கிறது. ஷௌனக் சென்னின் 'ஆல் தட் பிரீத்ஸ்' அதைத்தான் காட்டுகிறது. 2022-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும் பிரான்சின் கான் விழாவிலும் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதை வாங்கிய படம். குடியுரிமைச் சட்டப் போராட்டமெல்லாம் அதில் தெருவிலிருந்து வரும் சத்தமாகவே கேட்கிறது. கேமரா போராட்டத்தின் பின்னால் ஓடுவதில்லை. உங்கள் தோழிக்கு அதை ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் "அழுகையும் சாக்கடையும்தானா?" என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணப்பட இயக்குநர் அமுதன் 2003-இல் 'பீ' எடுத்தார். மதுரையில் ஒரு தெருவில் மாரியம்மாள் என்ற துப்புரவுத் தொழிலாளி மலம் அள்ளும் வேலையை கேமரா அரை மணி நேரம்போலக் கூடவே நின்று பார்க்கிறது. அதை நான் முதலில் பார்த்த சின்ன ஹாலில் பதினோரு பேர் இருந்தோம், பாதியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். எனக்கும் எழத் தோன்றியது. அந்தம்மா எழுந்து போக முடியாதே என்று உட்கார்ந்துவிட்டேன். அதே மலம் அள்ளும் வேலையைப் பற்றி 2017-இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுக்க வேண்டியிருந்தது என்றால், பதினான்கு வருஷத்தில் எதுவும் பெரிதாக மாறவில்லை என்றுதான் அர்த்தம். அந்தப் படங்களை எடுத்தவர்கள் அழுகை பிடிக்கும் என்று எடுக்கவில்லை. அதே தமிழில்தான் அம்ஷன்குமார் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்துத் தேசிய விருது வாங்கினார். களத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் புறா இறங்குவதற்கு மாரியம்மாளை எழுப்பிவிட வேண்டியதில்லை.

அறுபது மணி நேரத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி உலகம் முழுக்கச் சுற்றி 50,000 அடிப் படச்சுருள் சேர்த்தார், 1940-இல் வெளியான படம் 12,000 அடி. முப்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு. மாசிடோனியாவில் ஒற்றையாய்த் தேன் எடுக்கும் பெண்ணைப் பற்றிய 'ஹனிலேண்ட்' மூன்று வருஷத்தில் 400 மணி நேரம் எடுக்கப்பட்டது, படம் ஒன்றரை மணி நேரம். அந்தப் பெண் பேசும் துருக்கி வட்டார மொழி எடுத்தவர்களுக்குப் புரியாது. அதனால் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தே வெட்டி ஒட்டினார்கள். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். கல்யாண வீடியோவில் பாட்டுக்குத் தகுந்தபடி வெட்டிப் பழகிய கை உங்களுடையது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மறக்க இது உதவும்.

மறுபடி உட்காரச் சொல்லலாமா? கூடாது. ஆவணப்படத்தின் பிள்ளையார் சுழி என்று சொல்லப்படும் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) படத்திலேயே இந்த விளையாட்டு உண்டு. வட கனடாவின் பனிப்பிரதேசத்தில் வாழும் இன்யூட் குடும்பம் ஒன்றைப் பற்றிய படம் அது. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பாதி வீட்டை மட்டும் கட்டி, அதில் குடும்பத்தைத் தூங்குவதுபோலப் படுக்க வைத்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களை ஈட்டியோடு வேட்டையாடச் சொன்னார்கள். நூறு வருஷமாக அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இதுவும் கூடவே வருகிறது. கூண்டு கழுவுவது, கம்பும் பயறும் கலப்பது, காலில் வளையம் மாட்டுவது இதெல்லாம் அவர் வழக்கமாகச் செய்பவை, இன்னொரு நாள் எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. காத்திருப்பது அப்படி இல்லை. வராத புறாவுக்காக இன்னொரு முறை உட்காரச் சொன்னால் அவர் உட்காருவார், நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் கண் வானத்தில் இருக்காது, உங்கள் மேல் இருக்கும். புள்ளி புள்ளியாக இருப்பதை அப்படியே போடுங்கள். பொழுது சாய்ந்தும் மனிதர் எழவில்லை என்பதை அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும்.

மாடியில் எஃப்.எம். பாடிக்கொண்டிருந்தால் மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு கேட்டாலே விழாக்காரர்கள் உரிமைக் கடிதம் கேட்பார்கள், யூடியூபில் போட்டால் மறுநாளே நோட்டீஸ் வரும். ரேடியோவை அணைக்கச் சொல்வது நடிக்கச் சொல்வதில் சேராது!

வளையல் விஷயத்துக்கு வருகிறேன். எடுத்துவிடுங்கள். முகத்தை மறைத்து, குரலை மாற்றி என்று வழி தேட வேண்டாம். அது உங்கள் பெரியப்பா என்பது பிளாக்கில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். உயிரான இடம் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படம் முடிந்ததும் நீங்கள் சாலிகிராமத்துக்கு வேலைக்குப் போய்விடுவீர்கள். அவர் அந்த வீட்டில் பெரியம்மா எதிரில்தான் சாப்பிட உட்கார வேண்டும். அவர் பேசியது கேமராவிடம் இல்லை, தன் பெண்ணைப் போல வளர்ந்த பிள்ளையிடம். மறுநாள் "தூக்கிடும்மா" என்றதுதான் கேமராவுக்குச் சொன்னது. என்றைக்காவது அவரே பெரியம்மாவிடம் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து சரி என்றால் அப்போது பார்க்கலாம். அதற்காக நீங்கள் தூது போகக் கூடாது. அந்த ஃபைலைத் தனியாக எடுத்து வையுங்கள், "சும்மா பாரேன்" என்று யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள். உங்கள் தோழிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காட்டுவதற்கு இடம் இல்லாமல் இல்லை. அமுதனின் மறுபக்கம் அமைப்பு ஆவணப்படங்களுக்கென்றே சென்னையில் விழா நடத்துகிறது. நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் இரண்டிலும் திரையிடல்கள் நடப்பதுண்டு. கூட்டம் சில நாள் நிறைய வரும், சில நாள் டீ போட்டவரையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும். முதலில் பெரியப்பாவுக்கும் அவரோடு புறா விடுகிறவர்களுக்கும் காட்டிவிடுங்கள். எந்தப் புறா எந்த வருஷத்தது என்று நீங்கள் மாற்றிப் போட்டிருந்தால் அங்கேயே கத்திவிடுவார்கள். விழா நடுவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கும் திறமை கிடையாது.

ஹார்ட் டிஸ்க் எங்கே வைத்திருக்கிறீர்கள்? 2015 டிசம்பரில் சைதாப்பேட்டை வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த என் நாற்பது டேப்புகளை ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோனது. மீதி இருந்ததில் சேறுதான் இருந்தது. வியாசர்பாடிக்கு மழைக்காலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இன்னொரு காப்பி எடுத்து ஆபீஸ் மேசையில் ஒன்றும் வீட்டுப் பரணில் ஒன்றும் வையுங்கள், இந்த வாரமே. அப்புறம் அந்தப் புறா வந்ததா என்று ஒரு கார்டு போடுங்கள்.