பத்து வாரப் பயிற்சிக்குப் போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி நீளம். சுருக்கினால் இவ்வளவுதான்: பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பின் முதலாண்டை முடிக்கப் போகிறீர்கள். வேறு மாநிலத்தில் படிக்கிறீர்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆய்வுக் குழுவில் கோடைக்காலத்துக்குப் பத்து வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, தலைப்பு உலகளாவிய சுகாதாரச் சமத்துவம். வீடு எப்படிப் பிடிப்பது, கோட் சூட் வேண்டுமா, தரவை அலச 'ஆர்' என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளணுமா பைத்தான் போதுமா, கார் இல்லாமல் முடியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தமிழ் தெரியும் என்றதும் சந்தோஷப்பட்டார்கள் அக்கா, சில நேர்காணல் பதிவுகளை மொழிபெயர்க்க உதவ வேண்டியிருக்குமாம்."

நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். மற்றதை முதலில் தள்ளிவிடுகிறேன். கோட் வேண்டாம். 'ஆர்' தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் லைட் ரயில் இருக்கிறது, நகர நடுவில் சர்க்குலேட்டர் பேருந்து இலவசம், கார் தேவையில்லை. ஊருக்குப் போகும் மாணவர்கள் கோடைக்கு அறையை உள்வாடகைக்கு விடுவார்கள், அதில் பிடியுங்கள். வீடியோவிலாவது அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். சரி, முடிந்தது.

இனி என் கதை. 2011 ஜூன், மத்திய மேற்கில் ஒரு நகரம், பெயர் வேண்டாம். இரண்டு பெட்டிகளோடு இரவு பதினோரு மணிக்குப் பேருந்தில் போய் இறங்கினேன். சாவி தருவதாகச் சொன்ன பெண் தொலைபேசியை எடுக்கவில்லை. விடியும் வரை பேருந்து நிலைய நாற்காலியில் பெட்டி மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அறை கிடைத்தபோது அதில் ஒரு மெத்தை மட்டும் இருந்தது, அதுவும் தரையில். முதல் உதவித்தொகை கைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று, ஏனென்றால் இங்கே சம்பளம் வாங்கத் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் வேலை தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த 30 நாளை வீணாக்காதீர்கள்.

வேலைக்குப் போன இடத்தில் எனக்கு மேசை கிடையாது. பிரின்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், முப்பத்தெட்டு ஒலிப்பதிவுகள். காசநோய் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் எடுத்த பேட்டிகள், எல்லாம் தமிழில். அப்போது இந்திய அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மருந்து முறை. நோயாளி மையத்துக்குப் போய், ஆள் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். ஆறு மாதச் சிகிச்சையை ஏன் இரண்டாம் மாதத்திலேயே விடுகிறார்கள் என்பதுதான் ஆய்வுக் கேள்வி. ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காக எழுதி மொழிபெயர்க்க எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. 'தரவு பகுப்பாய்வு' என்று சொல்லி அழைத்த பயிற்சி அது.

எனக்கு முன்னால் வேறொருவர் சில பதிவுகளை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். அதை வைத்து ஓர் அட்டவணையே தயாராகிவிட்டது: சிகிச்சையை விட்டதற்கான காரணங்கள். அதில் 'குடிநீர் வசதி இல்லாமை' என்று ஒரு வரி, மேலிருந்து இரண்டாவது இடம். எனக்கு உறுத்தியது. மாத்திரை விழுங்கத் தண்ணீர் இல்லாமலா இத்தனை பேர் விட்டார்கள்? பழைய பதிவு ஒன்றைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். ஓர் அம்மா பேசுகிறார்: "அவருக்கு மாத்திரை ஒண்ணும் கஷ்டமில்லீங்க. தண்ணிதான் பிரச்சினை. சாயங்காலம் ஆனா தண்ணி இல்லாம இருக்க முடியல."

நீங்கள் சிரித்திருப்பீர்கள். அந்த அறையில் சிரிக்க என்னைத் தவிர ஆளில்லை. மையங்களில் குடிநீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்று பரிந்துரையே எழுதி வைத்திருந்தார்கள். இன்னொரு பதிவில் "சளி எடுக்கச் சொன்னாங்க" என்பது சளி பிடித்ததாகப் பதிவாகியிருந்தது. பரிசோதனைக்குப் போன மனிதரை ஜலதோஷத்தைக் கவனிக்காமல் விட்டவராக மாற்றிவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த நான் உடனே எழுந்து சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் பதினைந்து வருடமாக இருந்த நம்மவர் ஒருவர், நல்ல மனிதர்தான், அடிக்கடி சொல்லுவார்: "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரும்மா, பரிந்துரைக் கடிதம் முக்கியம்." இங்கே நம்மவர்களில் பாதிப் பேர் இந்த மந்திரத்தைச் சொல்லியே பிழைத்துவிட்டார்கள், அதனால் அதுதான் சரி என்று நம்புகிறார்கள். கடைசியில் நான்காவது வாரக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். குரல் நடுங்கியது. 'தண்ணி' என்றால் பேச்சுவழக்கில் சாராயம் என்று விளக்கினேன். கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது, அப்புறம் அட்டவணை மாறியது. மதுப் பழக்கம் காசநோய்ச் சிகிச்சையைக் குலைப்பது மருத்துவ உலகுக்குப் புதிதே இல்லை. ஆனால் இவர்கள் கையில் இருந்த தரவு அதைச் சொல்லாமல் தொட்டி கட்டச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் எட்டுப் பேர். என் பெயர் கடைசிப் பக்க நன்றியுரையில், 'மொழிபெயர்ப்பு உதவி' என்று. அதிலும் எழுத்துப்பிழை.

அதனால்தான் தம்பி, அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் வந்தது. மொழிபெயர்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது ஆய்வு வேலை, அதற்குப் பெயர் உண்டு என்று சேரும் முன்பே பேசிவிடுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்திருக்கும் விதிப்படி ஆசிரியராக நான்கு நிபந்தனைகள். ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவைத் திரட்டுவதிலோ, அலசுவதிலோ, பொருள் கொள்வதிலோ கணிசமான பங்கு, அது முதலாவது. கட்டுரையை எழுதுவதிலோ முக்கியமான திருத்தத்திலோ பங்கு, இரண்டாவது. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மூன்றாவது. கட்டுரைக்குப் பொறுப்பேற்பது நான்காவது. நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான். பகுப்பாய்வில் மாடு மாதிரி உழைப்போம், வரைவு சுற்றுக்கு வரும்போது பயிற்சி முடிந்து போயிருப்போம், ஆகவே 'தகுதியில்லை' ஆகிவிடுவோம். எல்லா நிபந்தனைக்கும் வாய்ப்புக் கொடுப்பது அவர்கள் கடமை என்று அந்த விதியிலேயே இருக்கிறது. குழுவின் பேராசிரியருக்கு இப்படி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: "நான் செப்டம்பரில் போன பிறகும் வரைவு எனக்கு வருமா?" பணிவாக, ஒரே வரி. 2022இல் கேப் டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து பிறந்த அறிக்கையும் இதே மாதிரி அநியாயங்களைப் பற்றியதுதான். சமத்துவம் என்று பெயர்ப்பலகை வைத்த குழு அதைப் படித்திருக்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. ஆய்வு நெறிக்குழு ஒப்புதலில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒலிப்பதிவைத் தொடுங்கள். நான் எல்லாவற்றையும் என் சொந்த மடிக்கணினியில் இறக்கி வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் வியர்க்கிறது. நீங்கள் அதைவிட மோசமான காலத்தில் இருக்கிறீர்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று ஏதாவது செயற்கை நுண்ணறிவுத் தளத்தில் ஒரு நோயாளியின் பேச்சை ஒட்டிவிடாதீர்கள். அதுவும் 'தண்ணி'யைத் தண்ணீர் என்றே சொல்லக்கூடும்.

விசா விஷயம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை என்பதால் உங்களுக்கு சிபிடி, அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி, வேண்டும். அது உங்கள் மாணவர் தகுதிப் பத்திரமான ஐ-20இல் அச்சாகி வர வேண்டும், எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதோடு. அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட வேலை தொடங்காதீர்கள், "சும்மா வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போ" என்று அழைத்தாலும் சரி. முழுநேர சிபிடி 12 மாதம் ஆனால்தான் பிற்பாடு ஓபிடி (படிப்பு முடிந்ததும் துறையில் வேலை செய்யும் அனுமதி) பறிபோகும், பத்து வாரத்தால் ஒன்றும் ஆகாது. உதவித்தொகை இல்லாத பயிற்சிக்கு அனுமதியே வேண்டாம் என்று வாட்ஸாப் குழுக்களில் சொல்லும் சட்ட மேதைகளை நம்பாதீர்கள். அவர்களில் ஒருவர்கூட உங்களோடு குடியேற்ற அலுவலகத்துக்கு வரப்போவதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் எழுத்தில் என்ன சொல்கிறதோ அதுதான்.

பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் மூடப்பட்டபோது இந்தத் துறையில் எத்தனையோ திட்டங்கள் ஒரே இரவில் நின்றன. கடிதத்தில் 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்று ஒரு சொற்றொடர் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம் வரி. எஃப்-1 விசா மாணவருக்கு வழக்கமாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கேர் என்ற ஓய்வூதிய, முதியோர் மருத்துவப் பிடித்தம் கிடையாது. சம்பளச் சீட்டில் 7.65 சதவீதம் போயிருந்தால் உடனே சொல்லுங்கள். எனக்குப் பிடித்தார்கள். அதைத் திருப்பி வாங்க எட்டு மாதம் கடிதம் எழுதினேன். தொகை பெரிதல்ல, ஆனால் விடவில்லை.

பால்டிமோர் பற்றிக் கேட்கவே இல்லையே நீங்கள். நான் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. சமத்துவமின்மையைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த ஊர். எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியேறலாம் என்று 1910இல் சட்டம் போட்டது இந்த நகரம், அமெரிக்காவிலேயே அப்படிப்பட்ட முதல் நகரச் சட்டம். 1917இல் லூயிவில் நகர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. 1930களில் வீட்டுக் கடன் வரைபடங்களில் அதே தெருக்களுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று சிவப்பு அடித்தார்கள். இன்று பகுதிக்குப் பகுதி ஆயுட்காலத்தில் ஏறத்தாழ 20 ஆண்டு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்துக்காக மைக்கேல் மார்மட் தலைமையில் அமைந்த குழு 2008 அறிக்கையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைக் காட்டியது: கால்டனில் ஓர் ஆணின் ஆயுள் 54, சில மைல் தள்ளி லென்சியில் 82. படிக்கும்போது அது எங்கோ நடப்பது போலிருந்தது. இங்கே ஜூலை மாத வெயிலில் வடக்கே ரோலண்ட் பார்க்கிலிருந்து பேருந்தில் தெற்கே வந்து பாருங்கள். முதலில் மரங்கள் தீரும், பிறகு சில தெருக்களில் வீடுகளின் ஜன்னல்களில் பலகை அடித்திருக்கும். புறநகரில் வீடு வாங்கிக்கொண்டு "அந்தப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொல்கிற நம்மவர்கள் உங்களுக்கு நிறைய கிடைப்பார்கள். அவர்களில் பலர் அந்தப் பேருந்தில் ஏறியதே இல்லை. இரவில் கவனமாக இருங்கள், பகலில் ஏறுங்கள்.

என் குழுவுக்கு வரும் பயிற்சி மாணவர்களுக்கு முதல் நாள் காலையிலேயே ஒரு பக்கத் தாள் கொடுத்துவிடுகிறேன்: உன் வேலை இது, உன் பெயர் இந்த இடத்தில் வரும், வராவிட்டால் காரணம் இது. முதல் தடவை கொடுத்தபோது சக ஊழியர் ஒருவர், பத்து வாரத்துக்கு வருகிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்றார். நான் அவருக்கு அந்தக் குடிநீர்த் தொட்டிக் கதையைச் சொன்னேன்.

மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்புங்கள் தம்பி, சேர்ந்த பிறகு கேட்பது வேறு மாதிரி இருக்கும். மொழிபெயர்ப்பைப் பற்றி அந்தப் பேராசிரியர் என்ன பதில் எழுதினார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.